பழைய இறைவைப் பம்புக்குப் புது எஞ்சின் மாற்றுதல்

காவேரி டெல்டாவில் நஞ்சைச் சாகுபடி முழுவதும் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டே நடைபெறுகிறது என்று வெளியூரார் எண்ணுவதுண்டு. குறுவையைப் பொறுத்தமட்டில் அது பாதி உண்மையே. 1934-ஆம் வருஷம் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு, ஜூன் மாதம் 12-ந் தேதி அணையைத் திறப்பது வழக்கமாயிற்று. அங்கு விடப்படும் தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாட்களும், கடைமடை வாய்க்கால்களை எட்ட மேலும் பல நாட்களும் ஆகின்றன. அந்தத் தண்ணீரைக் கண்ட பிறகே நாற்றங்கால் விடுவதென்றால் குறுவையின் பருவம் தவறிப்போகும். ஆகையால் வைகாசி மாதத்திலேயே வடிமுனைக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரால் நாற்றுவிட்டு, ஆற்றில் தண்ணீர் வந்ததும் நடவு செய்வது டெல்டாக் குடியானவர்களின் வழக்கமாக இருந்துவருகிறது.

அணை திறக்கும் தேதியும் எல்லா வருஷங்களிலும் ஒன்றாக அமைவதில்லை. 2020, 2021, 2023, 2025 ஆகிய வருஷங்களில் ஜூன் 12-ந் தேதியே திறக்கப்பட்டது. 2022-இல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-இலோ ஜூலை 28-ந் தேதிதான் திறக்க முடிந்தது. அத்தகைய வருஷத்தில் குறுவை நாற்றையும் நட்ட பயிரையும் காப்பாற்ற வல்லது பம்பு ஒன்றே. அந்தப் பம்பை ஓட்டும் எஞ்சின் அக்கினி நட்சத்திர வெயிலில் நான்கு நாள் நின்றுவிட்டால், நாற்றங்கால் வெடித்து, விதையும் உழைப்பும் வீணாகும். மறுபடி விதைத்தால் குறுவை பின்தங்கி, அறுவடை ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்ளும். அதன் பின்வரும் தாளடியும் கெடும்.

ஆகவே, பழைய எஞ்சினை மாற்றுவது என்பது கடைக்குச் சென்று ஒரு சாமானை வாங்கிவரும் காரியமன்று. எஞ்சின், பெல்ட், பம்பு, குழாய், கிணறு ஆகிய ஐந்தும் ஒரே ஏரில் பூட்டிய மாடுகளைப் போன்றவை. ஒன்றை மாற்றினால் மற்றவற்றுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே மாற்றவேண்டும். பம்புக்கு எஞ்சினை அளக்கவேண்டுமேயன்றி, எஞ்சினுக்காகப் பம்பை வருத்தலாகாது. இவ்விதியை மறந்து செய்த மாற்றங்களாலேயே புது எஞ்சின்களிற் பலவும் ஓரிரு வருஷங்களில் பழுதடைகின்றன.

1. எண்ணெய் எஞ்சின் வந்த விதம்

ஜெர்மனி தேசத்து ருடால்ப் டீசல் என்பவர் தமது பெயரால் வழங்கும் எஞ்சினை 1897-ஆம் வருஷம் செவ்வையாக ஓட்டிக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் எஞ்சினீயர், கிணற்றுத் தண்ணீரை எண்ணெய் எஞ்சினால் இறைப்பது லாபகரமானதா என்று ஆராய்ந்து, அம்முறையைக் குடியானவர்களிடையே பரவச் செய்தார். கவலையும் ஏற்றமும் இருந்த இடத்தில் பம்பு வந்தது அதன் பயனே.

பிற்காலத்தில், நிமிஷத்துக்கு 600 முதல் 650 சுற்றுகள் மட்டுமே ஓடும், இரண்டு கனத்த சுழல்சக்கரங்களையுடைய இங்கிலீஷ் எஞ்சின்களும், அவற்றைப் பார்த்து இந்நாட்டில் வார்த்த எஞ்சின்களும் கிராமந்தோறும் பரவின. 1946-இல் புனாவில் கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் கம்பெனி ஏற்பட்ட பின், நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும் எடை குறைந்த எஞ்சின்களும் படிப்படியாகப் பெருகின. டெல்டாவில் இன்று நேரும் மாற்றங்களிற் பெரும்பாலானவை, மெதுவாக ஓடும் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேகமாக ஓடும் புது எஞ்சினை வைப்பதேயாகும். தவறுகள் நேரும் இடமும் இதுவே.

2. குற்றம் எஞ்சினிடத்தில்தானா?

தண்ணீர் குறைந்துவிட்டது, டீசல் அதிகம் பிடிக்கிறது என்றவுடன் எஞ்சினைக் குறைகூறுவது வழக்கம். முதலில் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்து பார்த்தல் நலம்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஓட்டுக. அப்போது புகையின்றிச் சீராக ஓடி, பெல்ட் மாட்டியவுடன் கரும்புகை கக்கினால், பம்பின் தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். சுழல மறுத்தாலோ, உராயும் சப்தம் கேட்டாலோ, பேரிங்காவது இம்பெல்லராவது பழுதடைந்திருக்கிறது. கிளாண்டை அளவுக்குமேல் முடுக்கியிருந்தாலும் இதே குறி தென்படும். கிளாண்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருப்பதே சரியான நிலைமை.

பம்பு இலேசாகச் சுழன்றும் தண்ணீர் குறைவாக வந்தால், உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்றுப் புகுகிறதா என்று பார்க்கவேண்டும். இணைப்பைச் சுற்றிக் களிமண் குழைத்துப் பூசி ஓட்டிப் பார்ப்பது எளிய வழி. அதுவும் சரியாயிருப்பின், வடிமுனையின் துவாரங்கள் வண்டலாலோ இரும்புக் கறையாலோ அடைபட்டிருக்கக்கூடும். கிணற்றைக் காற்றழுத்தம் கொண்டு கழுவினால் தண்ணீர் மீளும். இவ்விடங்களில் குற்றம் இருக்கையில் எஞ்சினை மாற்றுவது, காலில் முள் இருக்கத் தலைக்கு மருந்திடுவதாகும்.

எஞ்சினிடத்திலேயே குற்றம் இருக்குமானால் அதன் புகையே அதைச் சொல்லும். கரும்புகை, பாரம் அதிகம் அல்லது டீசலைத் தெளிக்கும் நாசில் கெட்டது என்பதற்கு அறிகுறி. நீலப்புகை, மசகெண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி எரிகிறது என்பதைக் காட்டும். வெண்புகை, டீசல் சரிவர எரியவில்லை அல்லது தண்ணீர் உட்புகுகிறது என்பதைக் குறிக்கும். அழுத்தம் விடுவிக்கும் நெம்புகோலை விட்டுவிட்டுச் சுழல்சக்கரத்தைக் கையால் மெதுவாகத் தள்ளினால், நல்ல எஞ்சின் எதிர்த்துத் துள்ளும். தேய்ந்த எஞ்சின் மூச்சுவிடுவதுபோல் காற்றை விட்டுவிட்டுச் சுற்றிக்கொள்ளும்.

3. பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பழைய எஞ்சின் என்பதற்காகவே அதைக் கழித்துவிடுவது தவறு. மெதுவாக ஓடும் எஞ்சின்கள் நல்ல கனமான உறுப்புகளை உடையவை. ஒழுங்காகப் பேணினால் ஒரு தலைமுறைக்குமேல் உழைப்பவை. லைனர், பிஸ்டன், ரிங் ஆகியவை தேய்ந்திருப்பின் அவற்றைப் புதிதாக மாற்றினால் எஞ்சின் புத்துயிர் பெறும். நாசிலையும் டீசல் பம்பையும் பழுது பார்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பமே.

சிலிண்டர்ப் பெட்டி வெடித்திருத்தல், கிராங்குத் தண்டு வளைந்தோ மிகத் தேய்ந்தோ இருத்தல், உதிரி உறுப்புகள் எங்கும் கிடையாமை, பழுது பார்க்கும் செலவு புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டுதல் ஆகிய நான்கில் ஒன்று நேர்ந்தால் மாற்றுவதே சிலாக்கியம். கடைசியில் கூறியதைக் கணக்கிடுகையில் டீசல் செலவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தேய்ந்த எஞ்சின் மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும் வேலையை நல்ல எஞ்சின் 900 மில்லிலிட்டரில் முடிக்குமாயின், வருஷத்தில் 300 மணி நேரம் ஓடும் பம்புக்கு 180 லிட்டர் மிச்சமாகும். அதைத் தற்கால டீசல் விலையால் பெருக்கி, எத்தனை வருஷத்தில் புது எஞ்சினின் விலை திரும்பும் என்று ஒவ்வொருவரும் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

4. எத்தனை குதிரைச் சக்தி வேண்டும்?

பக்கத்து நிலக்காரர் 10 குதிரைச் சக்தி வைத்திருக்கிறார் என்பது ஓர் அளவுகோல் ஆகாது. வேண்டிய சக்தியை அறிய இரண்டு அளவுகளே போதும். விநாடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது ஒன்று. எத்தனை மீட்டர் உயரம் ஏற்றவேண்டும் என்பது மற்றொன்று.

தண்ணீரின் அளவை அறிய 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைப் பம்பின் வாயில் பிடிக்கவேண்டும். அது 17 விநாடியில் நிறைந்தால் விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் என்று கொள்ளலாம். இந்தச் சோதனையைப் பழைய எஞ்சின் ஓடும் நிலையில் இருக்கும்போதே செய்து, எழுதிவைத்துக்கொள்வது அவசியம். புது எஞ்சின் வைத்த பிறகு வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று ஒத்துப்பார்க்க வேறு ஆதாரம் கிடையாது.

உயரத்தை அளக்கையில், பம்பு ஓடும்போது குழாயினுள் தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறதோ அதையும், பம்பிலிருந்து வாய்வரை உள்ள உயரத்தையும், குழாயிலும் வளைவுகளிலும் தண்ணீர் உராய்வதால் ஏற்படும் நஷ்டத்தையும் கூட்டவேண்டும். உதாரணமாக, கீழே 16 அடி, மேலே 5 அடி, உராய்வுக்காக 12 அடி, ஆக 33 அடி என்றால் அது சுமார் 10 மீட்டராகும்.

விநாடிக்கு 12 லிட்டரை 10 மீட்டரால் பெருக்கினால் 120. அதை 75-ஆல் வகுத்தால் 1.6 குதிரைச் சக்தி. இது தண்ணீருக்கு மட்டும் வேண்டியது. கிராமங்களில் உள்ள பம்புகள் தாம் பெறும் சக்தியில் ஏறக்குறைய பாதியையே தண்ணீருக்குக் கொடுக்கின்றன என்று கொண்டால், பம்பின் தண்டுக்கு 3.2 குதிரைச் சக்தி வேண்டும். பெல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போகும். ஆகவே எஞ்சினிடமிருந்து சுமார் 3.6. எஞ்சினை எப்போதும் முழுப் பாரத்தில் ஓட்டலாகாது. எனவே கால் பங்கு கூட்டினால் நாலரை. ஆகவே 5 குதிரைச் சக்தி எஞ்சின் இந்தப் பம்புக்குத் தாராளமாகப் போதும்.

இந்த 5 குதிரைச் சக்தி என்ன வேலை செய்யும் என்பதையும் கவனிக்கவேண்டும். விநாடிக்கு 12 லிட்டர் என்றால் மணிக்கு 43,200 லிட்டர். ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த 2 லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம் பிடிக்கும். கசிவும் வாய்க்கால் நஷ்டமும் நீங்கலாகச் சுமார் நாலே முக்கால் மணி நேர வேலை. ஒரு ஏக்கர் நடவுக்கு வேண்டிய 8 சென்ட் நாற்றங்காலுக்கோ அதே அளவு தண்ணீர் நிறுத்த அரை மணி நேரங்கூட ஆகாது.

பெரிய எஞ்சின் வைப்பதால் வரும் தீமை டீசல் செலவோடு நிற்பதில்லை. வடிமுனைக் கிணறு தன்னைச் சுற்றியுள்ள மணற்படுகையிலிருந்து ஒரு வேகத்தில்தான் தண்ணீரைத் தரவல்லது. அதற்குமேல் இழுத்தால் தண்ணீரோடு மணலும் வரும், இம்பெல்லர் தேயும், வடிமுனை அடைபடும், நீர்மட்டம் தாழ்ந்து பம்பு காற்றை இழுக்கும். கடலோரமான நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கங்களில் உவர்நீர் உட்புகும் அபாயமும் உண்டு. ஒருவர் அளவுக்கு மீறி இழுத்தால் அடுத்தவர் கிணற்றின் நீர்மட்டமும் தாழும்.

5. வேகமும் புல்லியும்

இந்த வியாசத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. பம்பின் மேல் உள்ள தகட்டில் அது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று ஓடவேண்டும் என்று பொறித்திருக்கும். எஞ்சின் புல்லியின் விட்டத்தை எஞ்சின் வேகத்தால் பெருக்கி, பம்புப் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் பம்பின் வேகம் கிடைக்கும்.

பழைய எஞ்சின் நிமிஷத்துக்கு 650 சுற்று. அதன் புல்லி 14 அங்குலம். பம்புப் புல்லி 6 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பம்பின் வேகம் சுமார் 1,517 சுற்று. 1,500 சுற்றுக்கென்று செய்யப்பட்ட பம்புக்கு இது பொருத்தமானது. இப்போது குடியானவர் 1,500 சுற்று ஓடும் புது எஞ்சினை வாங்கிவந்து, புல்லி வீணாகவேண்டாம் என்று பழைய 14 அங்குலப் புல்லியையே அதில் மாட்டினால் நேர்வது என்ன? பம்பு 3,500 சுற்று ஓடவேண்டியதாகும்.

வேகம் கூடும் மடங்கிலேயே தண்ணீர் கூடும். வேகத்தின் வர்க்கமாக உயரம் கூடும். ஆனால் வேண்டிய சக்தியோ வேகத்தின் கனமாகக் கூடும். வேகம் பத்தில் ஒரு பங்கு ஏறினாலே சக்தி மூன்றில் ஒரு பங்கு அதிகம் வேண்டும். மேற்கூறிய உதாரணத்தில் வேகம் 2.3 மடங்காகிறது, சக்தியோ 12 மடங்காகிறது. 3.2 குதிரைச் சக்தி கேட்ட பம்பு 38 குதிரைச் சக்திக்குமேல் கேட்கும். 5 குதிரைச் சக்தி எஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். பெல்ட் நழுவிக் கருகும். இம்பெல்லர் வெடித்துச் சிதறினாலும் ஆச்சரியமில்லை. குடியானவர் எஞ்சின் மோசமென்று விற்றவரை நிந்திப்பார். குற்றம் புல்லியிடத்தில் இருக்கிறது.

இந்தப் பம்புக்கு எஞ்சின் புல்லியும் 6 அங்குலமாகவே இருக்கவேண்டும். வேகத்தைக் குறைத்துவிடுவதும் தவறு. 1,500 சுற்றுப் பம்பை 1,200 சுற்றில் ஓட்டினால், 10 மீட்டர் ஏற்றக்கூடிய பம்பு ஆறரை மீட்டர்கூட ஏற்றாது; எஞ்சின் ஓடும், தண்ணீர் வராது.

பெல்ட் மாட்டுகையில் இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். இரண்டின் விளிம்புகளையும் தொட்டு ஒரு நூலைப் பிடித்தால் நான்கு இடங்களிலும் நூல் படியவேண்டும். தட்டைப் பெல்ட்டாயின், இழுக்கும் பக்கம் கீழும் தளர்ந்த பக்கம் மேலும் வருமாறு அமைத்தால் பிடிப்பு அதிகமாகும். பம்பின்மேல் உள்ள அம்புக்குறியின் திசையிலேயே அது சுழலவேண்டும். புது எஞ்சின் பழையதற்கு எதிர்த்திசையில் சுழல்வதாயின், எஞ்சினை மறுபக்கம் திருப்பி வைக்கவேண்டும்.

6. அஸ்திவாரம்

பழைய எஞ்சின் கனமானது. புதியது அதில் பாதி எடைகூட இராது. ஆயினும் அது வேகமாக ஓடுவதால் அதிர்ச்சி வேறு விதமானது. பழைய போல்ட்டுகள் புது எஞ்சினின் துவாரங்களுக்கு ஒத்துவருவது அபூர்வம். ஒத்துவராத போல்ட்டை வளைத்து மாட்டுவதும், பழைய காங்கிரீட்டின் ஓரத்தில் துளையிட்டுப் புதிய போல்ட் நடுவதும் பயனற்றவை. சில மாதங்களில் காங்கிரீட் வெடித்து எஞ்சின் ஆட்டங்கொடுக்கும்.

டெல்டாவின் களிமண் கோடையில் வெடித்து, மழையில் ஊறி உப்பும் இயல்புடையது. ஆகையால் வெடிப்பு விழும் மேல்மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, மணல் போட்டுத் திமிசு கட்டையால் கெட்டித்து, அதன்மேல் ஒரு பங்கு சிமிட்டி, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி கலந்த காங்கிரீட் இடவேண்டும். போல்ட்டுகளை எஞ்சினின் அடித்துவாரங்களுக்கு ஏற்பத் துளையிட்ட பலகையில் மாட்டித் தொங்கவிட்டு வார்த்தால் இடம் பிசகாது. காங்கிரீட்டை ஈரச்சாக்கால் மூடி, குறைந்தது ஏழு நாட்கள் நனைத்துவர வேண்டும். அதற்குமுன் எஞ்சினை ஓட்டுவது, ஈரச்சுவரின்மேல் உத்தரம் வைப்பதை ஒக்கும். எஞ்சினை ஏற்றியபின் ரசமட்டம் வைத்து நீளத்திலும் அகலத்திலும் சமம் பார்த்து, பிறகே போல்ட்டுகளை முடுக்கவேண்டும்.

7. இறக்குதலும் ஏற்றுதலும்

பழைய எஞ்சினை இறக்குமுன் டீசல், மசகெண்ணெய், தண்ணீர் ஆகியவற்றை வடித்துவிட வேண்டும். வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவது பயிருக்கும் மீனுக்கும் கேடு. தகரத்தில் பிடித்துவைத்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்கவேண்டும். மூன்று உறுதியான மரக்கால்களை முக்காலியாக நட்டு, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டுத் தூக்குவதே நல்ல முறை. சுழல்சக்கரங்களை முதலிற் கழற்றினால் பாரம் வெகுவாகக் குறையும். தொங்கும் எஞ்சினுக்கடியில் கையையோ காலையோ நீட்டலாகாது.

நீர்மட்டம் பம்பிலிருந்து 20 அடிக்குமேல் தாழ்ந்துவிட்டால் பம்பால் தண்ணீரை உறிஞ்ச இயலாது. அப்போது குழி தோண்டிப் பம்பைக் கீழே இறக்குவது உண்டு. பம்பைக் குழியில் இறக்கலாம். எஞ்சினை ஒருபோதும் இறக்கலாகாது. எஞ்சினின் புகையில் கலந்துள்ள நச்சுவாயு குழியில் தங்கி, வாசனையும் நிறமும் இன்றி மனிதனைக் கொல்லும். எஞ்சின் மேலேயே இருந்து, பெல்ட் மட்டும் கீழே செல்லவேண்டும்.

8. குளிர்விக்கும் தண்ணீரும் புகைக்குழாயும்

பழைய எஞ்சினுக்குத் தொட்டித் தண்ணீர் சுழன்று குளிர்ச்சி தந்திருக்கும். புது எஞ்சினுக்குப் பம்பின் வாயிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாகத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். எஞ்சின் எவ்வளவுக்கெவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று எண்ணி அந்தக் குழாயை முழுவதும் திறந்துவிடுகிறார்கள். இது பெரும் பிழை. அளவுக்குமேல் குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுவதும் எரிவதில்லை, லைனர் விரைவில் தேய்கிறது, மசகெண்ணெயும் கெடுகிறது. எஞ்சினைவிட்டு வெளிவரும் தண்ணீர் கை பொறுக்காத சூடாக, அதாவது 60 முதல் 70 டிகிரி சென்டிகிரேட் அளவில், இருக்குமாறு குழாயின் திருகைக் குறைத்து வைக்கவேண்டும்.

புகைக்குழாயை எஞ்சினின் வாய் அளவுக்குக் குறையாத அகலத்தில், வளைவுகள் இன்றி மேல்நோக்கி வைக்கவேண்டும். பழைய குழாய் சிறுத்ததாக இருந்தால் அதை இடுக்கி மாட்டுவது, எஞ்சினின் மூக்கைப் பிடிப்பதற்குச் சமானம்.

9. முதல் ஓட்டம்

எஞ்சின் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை, எஞ்சின் நம்பர், ரசீது ஆகிய மூன்றையும் சரிபார்க்கவேண்டும். பழைய எஞ்சினுக்குப் புது வர்ணம் அடித்து விற்பதும் உண்டு. நம்பர் அழிந்துள்ளதையும், ரசீது இல்லாததையும் தொடவேண்டாம்.

முதல் நாள் பெல்ட் இன்றி அரைமணி நேரம் ஓட்டி, எங்கும் ஒழுகலும் அசாதாரணச் சப்தமும் இல்லை என்று கண்டபின் பெல்ட் மாட்டவேண்டும். முதல் 50 மணி நேரத்துக்கு முழுப் பாரம் கொடுக்கலாகாது. வெளிவாய் வால்வைச் சற்று மூடிவைத்தால் இத்தகைய பம்பு எடுக்கும் பாரம் குறையும். அதன்பின் மசகெண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றவேண்டும். புது உறுப்புகளின் தேய்மானத்துகள் அதோடு வெளியேறிவிடும். பிற்பாடு எத்தனை மணிக்கொருமுறை மாற்றுவது என்பதை எஞ்சினோடு வரும் புத்தகத்தைப் பார்த்து நடத்துக. பிறகு அதே 200 லிட்டர் பீப்பாயை வைத்துத் தண்ணீரை அளந்து, பழைய குறிப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும். அளவு ஒத்து, புகை தெளிந்து, பெல்ட் நழுவாமல் ஓடினால் மாற்றம் செம்மையாக நடந்தேறிற்று என்று கொள்ளலாம்.

கைப்பிடியால் எஞ்சினைக் கிளப்புகையில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கவேண்டும். எதிர்த்து உதைக்கும் கைப்பிடி விரலை ஒடித்துவிடும். பெல்ட்டின் அருகே வேஷ்டியும் துண்டும் சேலைத் தலைப்பும் தொங்கலாகாது. பெல்ட்டைச் சுற்றி மூங்கில் தட்டியாவது கட்டிவைப்பது குடும்பஸ்தன் கடமை.

10. மின்சார மோட்டாரும் இதர யந்திரங்களும்

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆயினும் இணைப்புக்காகக் காத்திருப்போர் பலர். அவர்கள் 1,500 சுற்று எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் அனுகூலம் உண்டு. சாதாரண மின்சார மோட்டாரின் வேகம் நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஆகையால், பிற்காலத்தில் இணைப்பு கிடைத்ததும் அதிக மாறுதலின்றி அதே பம்புக்கு மோட்டாரை மாட்டலாம். அதன்பின்னும் எஞ்சினை விற்றுவிடாமல், மின்சாரம் நின்ற நாளுக்கு வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

வேகத்தைப் பொருத்தும் விதி பம்புக்கு மட்டும் உரியதன்று. சேற்றுழவு செய்யும் பவர் டில்லருக்குப் பம்பு எஞ்சினை மாட்ட முயல்வோரும், மண் அள்ளும் சிறு யந்திரத்துக்குக் கிடைத்த எஞ்சினை வைப்போரும் இதே பிழையைச் செய்கிறார்கள். தற்கால மண் அள்ளும் யந்திரங்களில் எஞ்சின் சுழற்றுவது எண்ணெய்ப் பம்புகளை. அவையும் குறித்த வேகத்துக்கும் குறித்த திசைக்கும் கட்டுப்பட்டவை. எஞ்சின் உள்ளே அடங்கிவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று கொள்ளலாகாது.

11. எப்போது செய்வது?

எஞ்சின் நின்றபின் மாற்றுவது என்பது வைகாசியில் செய்யும் காரியம்; அப்போது மெக்கானிக்கும் கிடையான், உறுப்பும் கிடையாது, காங்கிரீட் உலரவும் அவகாசம் இராது. சம்பாவும் தாளடியும் அறுவடையான பின், மாசி, பங்குனி மாதங்களே இதற்கு உகந்தவை. பங்குனியில் அஸ்திவாரம் வார்த்து, சித்திரையில் ஓட்டிப்பார்த்து, வைகாசியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்று வகுத்துக்கொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. தத்தம் கிராமத்தில் எத்தனை பம்புகள் ஓடும் நிலையில் உள்ளன, எவை பழுதாயுள்ளன என்று பங்குனி முடிவதற்குள் ஒரு ஜாபிதா தயாரித்தால், கூட்டுறவுச் சங்கக் கடன் வேண்டுவோர் முன்கூட்டியே மனுச் செய்யலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் மெக்கானிக்கை வரவழைக்கலாம். நல்ல பம்பு வைத்திருப்பவர், பழுதான அண்டைவீட்டாரின் 8 சென்ட் நாற்றங்காலுக்கு அரைமணி நேரத் தண்ணீர் விட்டால், ஒரு ஏக்கர் குறுவை பிழைக்கும். இந்த ஏற்பாட்டையும் முன்னதாகவே பேசி முடித்துக்கொள்வது கிராமத்துக்கு நலம் பயக்கும்.

ஞாபகத்தில் வைக்கவேண்டியவை

1. எஞ்சினைக் குறைகூறுமுன் பம்பு, குழாய், வடிமுனை மூன்றையும் சோதிக்கவும்.
2. பழைய எஞ்சின் ஓடும்போதே தண்ணீரின் அளவு, எஞ்சின் வேகம், இரு புல்லிகளின் விட்டம் ஆகியவற்றை எழுதிவைக்கவும்.
3. லிட்டரை மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்து, நஷ்டங்களைக் கூட்டி, குதிரைச் சக்தியைத் தீர்மானிக்கவும்.
4. பழைய புல்லியைப் புது எஞ்சினில் கணக்குப் பாராமல் மாட்டவேண்டாம்.
5. புது அஸ்திவாரத்துக்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் கொடுக்கவும்.
6. எஞ்சினைக் குழியில் இறக்கவேண்டாம்.
7. வெளிவரும் தண்ணீர் சூடாக இருக்கட்டும். எஞ்சினை அளவுக்குமேல் குளிர்விக்கவேண்டாம்.
8. மாற்றும் வேலையைப் பங்குனியில் முடித்து, சித்திரையில் ஓட்டிப்பார்க்கவும்.

ஆற்றில் தண்ணீர் வரும் தேதி குடியானவர் கையில் இல்லை. பம்பு ஓடும் நிலையில் இருப்பது அவர் கையில் இருக்கிறது. நூலும், அளவுகோலும், 200 லிட்டர் பீப்பாயும் கொண்டு ஒரு நாள் முற்பகலில் செய்யும் கணக்கு, அவ்வருஷத்துக் குறுவையைக் காக்கும்.